விடு என்றால் அடி

12 ஜூன் 1979, செவ்வாய்

இன்று முதல் சங்கு ஊதும்போதே மில்லுக்குள் இருந்தேன். முழங்கால் வலியும் இல்லை. டைம் ஆபீசில் வருகைக் கார்டுகளை அடுக்கி முடிப்பதற்குள் மேனேஜர் பசுபதி கூப்பிட்டு அனுப்பினார். புட்பால் டீமுக்குப் புதுக் கோச் வருகிறாராம். பெயர் அனந்தநாராயணன். பெங்களூரில் பட்டாளத்து டீமைப் பழக்கியவர். பாட்டியாலாவில் படித்து வாங்கிய சர்ட்டிபிகேட் இருக்கிறது. போன வருஷம் கோயம்புத்தூரில் ஆறு கோல் வாங்கிக்கொண்டு வந்ததை மேலே உள்ளவர்கள் இன்னும் ஜீரணிக்கவில்லை போலிருக்கிறது.

பதினொரு வருஷமாக இந்த டீமைப் பழக்குகிறவன் நான். அதற்கு ஆர்டர் கிடையாது, பதவிப் பெயரும் கிடையாது. பந்தாடுவதற்கென்றே மில் எடுத்து வைத்திருக்கும் பதினெட்டுப் பேருக்கு நான் மாஸ்டர். மில்லுக்கு டைம் ஆபீஸ் கிளார்க் கைலாசநாதன்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் மேனேஜர் அடுத்துச் சொன்னது இது: “உதவி கோச்சுன்னு ஒரு போஸ்ட்டும் போடுறோம். அது உள்ளூர் ஆள்தான்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். இதற்கு மேல் நான் என்ன கேட்பது? உள்ளூரில் வேறு யார் இருக்கிறார்கள்?

சாயங்காலம் மைதானத்தில் பீர் முகமதுவிடம் சொன்னேன். பீர் எங்கள் கோல்கீப்பர். அவனை மில்லில் சேர்த்துவிட்டது நான். கோரிப்பாளையத்தில் அவன் வீட்டுப் பெருநாள் சேமியா என் வீட்டுக்கு வராத வருஷம் கிடையாது. “நல்லது மாப்ள” என்றான். கையுறையின் நாடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் மச்சினனின் மேலூர் வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் வேலைக்கு மனுப்போட வேண்டும், ஒரு டீமை எப்படிப் பழக்குவாய் என்று இங்கிலீஷில் எழுதித் தா என்று போன மாதம் என்னிடம் கேட்டிருந்தான். மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். அம்புட்டும் என் சொந்தச் சரக்கு. பெயர் போடும் இடத்தை மட்டும் காலியாக விடச் சொன்னான், மச்சினன் தன் கையால் போட்டுக்கொள்வானாம்.

“பாக்கணும் மாப்ள” என்றான்.

15 ஜூன், வெள்ளி

“ஆர்டர் கைக்கு வந்துச்சா?” என்றாள் நாகலக்ஷ்மி. வரும் என்றேன். “கேட்டீங்களா?” என்றாள். கேட்டு வாங்குகிற இடமா அது? கட்டின பெண்டாட்டிக்கே என் மதிப்புத் தெரியவில்லை.

22 ஜூன், வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இது எனக்குள்ளேயே கிடந்து புளிக்கும்.

மதியம் கேன்டீனில் கூட்டம். டீம் ஆட்கள், இரண்டு ஷிப்ட் மேஸ்திரிகள், நான். மேனேஜர் புதுக் கோச்சை அறிமுகம் செய்தார். அனந்தநாராயணன் ஒல்லியான மனிதர், நரைத்த மீசை, வணக்கம் சொல்லும்போதும் முதுகு வளையவில்லை. கூடவே எண்ணெய் தேய்த்துவிட ஒரு ஆளையும் கூட்டி வந்திருக்கிறார். பிறகு மேனேஜர், “உதவி கோச் யாருன்னு சொல்லப்போறேன்” என்றார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். இதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது? சரிசெய்தேன்.

“நம்ம கோல்கீப்பர் பீர் முகமது.”

சரி, ஏதோ தவறு நடந்திருக்கிறது, கூட்டம் முடிந்ததும் மேனேஜரிடம் பேசிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது மேனேஜர் ஒரு காகிதத்தை எடுத்தார். “பீர் முகமது எழுதிக் குடுத்த மனுவ வாசிக்கிறேன், கேளுங்க. ஆளு அதிகம் படிக்கலைன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம்” என்று சொல்லி வாசிக்க ஆரம்பித்தார். டைப் அடித்த மூன்று பக்கம். சித்திரை, வைகாசியில் வைகை மணலில் ஓட்டம். கீப்பருக்கு நனைத்த பந்தில் பயிற்சி. பந்து காலைத் தேடி வர வேண்டும், கால் பந்தைத் தேடி அலையக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் கட்டுவதற்கு எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. மேனேஜர் வாசித்துவிட்டுத் தமிழிலும் விளக்கினார். மேஸ்திரிகள் கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள்.

நானும் தட்டினேன்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்கள். அதற்கு ஆள் தேடுகிறவர்கள் இனி டைம் ஆபீசுக்கு வரலாம்.

பீர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தடவைகூட.

23 ஜூன், சனி

மேனேஜரிடம் போனேன். அந்த மனுவை எழுதியது நான் என்று சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். “கைலாசநாதன், நீங்க அப்ளிகேஷனே போடலையே? ஒருவேளை இஷ்டமில்லை போலன்னு நினைச்சேன். பீர் ஒருத்தன்தான் போட்டான்.”

இதற்குப் பிறகு, பீரின் மனு என் மனு என்று சொன்னால் எப்படி இருக்கும்? போடாத மனுவுக்கு ஒருவன் உரிமை கொண்டாடுவதா? “ஒண்ணுமில்லை சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

25 ஜூன், திங்கள்

இன்று பீரே வந்தான். சாப்பாட்டு நேரம், சைக்கிள் ஸ்டாண்டு பக்கம்.

“ஏண்டா, மேலூர்ல உனக்கு எத்தன மச்சினன்?” என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

“ஒங்கிட்டச் சொல்லிருந்தா எழுதித் தந்திருப்பியா மாப்ள?”

“தந்திருக்க மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். பிறகு அவனாகவே பேசினான். “எனக்கு முப்பத்தாறாச்சு. இன்னும் எம்புட்டு வருஷம் கோல்ல நிப்பேன்? ஆட்டத்த விட்டா நேரா ப்ளோ ரூம். அங்கிட்டுப் பஞ்சுத் தூசில நின்னு எங்க வாப்பா எப்படி இருமிச் செத்தாருன்னு நீயே பாத்த. ஒனக்கு நாற்காலி இருக்கு மாப்ள. டீம் இல்லாட்டியும் நீ கைலாசநாதன்தான். நான் யாரு?”

அவன் வாப்பாவின் மய்யித்துக்கு நானும் போயிருந்தேன். அது நிஜம்தான். ஆனால் அதற்காக என் எழுத்தைத் திருடி என் எதிரிலேயே கைதட்டு வாங்குவதா? நேரே வந்து, “மாப்ள, எனக்கு அந்த வேலை வேணும், நீ ஒதுங்கிக்க” என்று கேட்டிருந்தால் — கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒதுங்கியிருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதானே கூட இருந்தே குழி பறித்தான்.

டீம் இல்லாவிட்டால் நான் கார்டு அடுக்குகிறவன். அம்புட்டுத்தான். அது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

3 ஜூலை, செவ்வாய்

நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். கோச் அனந்தநாராயணன். உதவி கோச் பீர் முகமது. பந்து, பூட்ஸ், முதலுதவிப் பெட்டிப் பொறுப்பு கைலாசநாதன். கீப்பருக்கு முன்னால் தடுப்பு ஆடும் ஸ்டாப்பர் முத்திருளன் அதைப் படித்துவிட்டு, “மாஸ்டர், இது நல்லால்ல” என்று சொன்னான். கீழக்குயில்குடிப் பையன், ஆறடி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. “பந்துல காத்து இருக்கான்னு பாக்கவும் ஆள் வேணும்லடா” என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

11 ஜூலை, புதன்

கோச்சைப் பற்றிக் குறை எழுத வேண்டும் என்று பத்து நாளாகக் காத்திருக்கிறேன். சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை. மனுஷர் விடிவதற்கு முன்பே மைதானத்தில் நிற்கிறார், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசுவதில்லை. இன்று ஒன்று அகப்பட்டது.

எங்கள் டீமில் உயரமாக வரும் பந்தை எடுக்கக் கீப்பர் முன்னால் வந்தால் “வாரேன்” என்று கத்துவான். கேட்டதும் ஸ்டாப்பர் விலகிவிடுவான். பதினொரு வருஷமாக இதுதான் பழக்கம். கோச் இன்று அதை நிறுத்திவிட்டார்.

“நீ வர்றது அவனுக்கு எதுக்கு? அவன் என்ன பண்ணணும்னு சொல்லு. ‘விடு’. அதான் வார்த்தை. கீப்பர் ‘விடு’ன்னா டிபெண்டர் பந்தைத் தொடக் கூடாது.”

நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் மதுரைக்காரர் இல்லை. “ஒண்ணு விட்டேன்னா பல்லு எகிறிரும்” என்று பேசுகிற ஊர் இது. எங்கள் மைதானத்தில் பந்து காலடியில் இருக்கும்போது பின்னாலிருந்து ஒருவன் “விடு” என்று கத்தினால் ஓங்கி உதை என்றுதான் பொருள். நான் பழக்கியதே அப்படித்தான். விடு என்றால் அடி.

பீர் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கு இது தெரியாதா? தெரியும். வாயைத் திறக்கவில்லை. வேலைக்கு வந்து மூன்று வாரத்தில் கோச்சை எதிர்த்துப் பேச வேண்டாம் என்று நினைத்திருப்பான். “சரி சார்” என்றான். உள்ளூர் ஆள் என்று ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது எதற்காக?

என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

2 ஆகஸ்ட், வியாழன்

நோன்பு நடக்கிறது. பீர் வீட்டிலிருந்து வழக்கம்போல நோன்புக் கஞ்சி வந்தது. அவன் மனைவி அமீருன்னிசா தூக்குவாளியோடு வாசலில் நின்று, “அண்ணே, நல்லாருக்கீகளா?” என்றது. திருப்பிக் கொடுத்துவிடு என்று உள்ளே போய் நாகலக்ஷ்மியிடம் சொன்னேன்.

“சண்ட ஒங்க ரெண்டு பேருக்கும். கஞ்சி என்ன பண்ணுச்சு?” என்று சொல்லி வாங்கி வைத்தாள். என் எதிரேயே உட்கார்ந்து இரண்டு டம்ளர் குடித்தாள். எனக்கும் ஊற்றி வைத்தாள். தொடவில்லை. நல்ல வாசனைதான்.

“ஊம ஊரக் கெடுக்கும்னு சொல்வாக. நாக்கப் புடுங்குறாப்ல நாலு கேள்வி கேட்டுட்டு ராசியாப் போங்க. இப்புடி உம்முனு இருக்காதீங்க” என்றாள்.

14 ஆகஸ்ட், செவ்வாய்

நோன்பு திறக்க நேரமாகிறது என்று பீர் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டான். மாற்றுக் கீப்பர் பேயாண்டி கோலில் நின்றான். கோச் அந்தக் கோடியில் பார்வர்டு ஆட்களோடு இருந்தார். நான் இந்தப் பக்கம், கோல் கம்பத்துக்குப் பின்னால்.

இரண்டு பக்கம் பிரிந்து வேகமாக ஆடினார்கள். ஒரு பந்து உயரமாக வந்தது. பேயாண்டி “விடு” என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடி வந்தான். முத்திருளன் விட்டான் — எங்கள் ஊர் விடு. ஓங்கி ஒரு உதை. பந்து பேயாண்டியின் காதை உரசிக்கொண்டு கோலுக்குள் போனது. அரை அடி இந்தப் பக்கம் வந்திருந்தால் பேயாண்டியின் முகம் போயிருக்கும்.

முத்திருளன் தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். “மெதுவா ஆடுறப்ப சரியா வருதுண்ணே. அவசரத்துல பழைய காதுதான் கேக்குது, காலு தன்னால போயிருது. கோச்சுகிட்டச் சொன்னா இருபது சுத்து ஓடவிடுவாரு. நீங்க பீரண்ணேகிட்டச் சொல்லிருங்கண்ணே.”

“சரி” என்றேன்.

15 ஆகஸ்ட், புதன்

மில்லில் கொடி ஏற்றினார்கள். பீர் எனக்கு நேர் எதிரே நின்றான். மிட்டாய் கொடுத்தார்கள்.

சொல்லவில்லை.

18 ஆகஸ்ட், சனி

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இன்று போனால், கோச் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்து வருகிறார். நனைத்த பந்துப் பயிற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறார்கள். “இது உன் மூளையா பீர்? பிரமாதம்” என்கிறார். இவன் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா சார்” என்கிறான்.

தானே கண்டுபிடித்துக்கொள்ளட்டும். அவன்தானே உதவி கோச். மனுவில் அம்புட்டும் எழுதியிருந்ததே, அதில் தேடிப் பார்க்கட்டும்.

26 ஆகஸ்ட், ஞாயிறு

பெருநாள் சேமியா வந்தது. அதையும் நாகலக்ஷ்மிதான் சாப்பிட்டாள். பீர் வாசல்வரை வந்து சைக்கிளை விட்டு இறங்காமலே போய்விட்டானாம். நான் கொல்லையில் இருந்தேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் கூடத்தில்தான் இருந்தேன்.

9 செப்டம்பர், ஞாயிறு

மில் டீம்களுக்கான கோப்பையின் இறுதி ஆட்டம். எழுதி முடித்தால்தான் சாப்பாடு இறங்கும்.

திண்டுக்கல் டீமோடு. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கயிற்றுக்கு வெளியே நாலாபக்கமும் தலை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நான் பூட்ஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். பீர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கையுறையைக் கட்டினான். இரண்டு மாதத்தில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தது இன்றுதான்.

“மாப்ள, எதுனாச்சும் சொல்லணும்னா இப்பச் சொல்லிரு” என்றான். எங்கள் பழைய பழக்கம் அது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் கேட்பான், நான் ஏதாவது ஒன்று சொல்வேன். எதிர்ப்பக்கத்துச் சின்னவன் இடது காலால் அடிப்பான், காற்று மேற்கே அடிக்கிறது, இப்படி ஏதாவது.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து போனான்.

கோல் இல்லாமல் எண்பது நிமிஷம் போயிற்று. எங்கள் ஆட்கள் நன்றாக ஆடினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம். எண்பத்து மூன்றாவது நிமிஷம் அவர்கள் வலது பக்கத்திலிருந்து ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார்கள். பீர் கோலை விட்டு வெளியே வந்தான். “விடு” என்ற சத்தம் எனக்கே கேட்டது, அம்புட்டு ஜனச் சத்தத்திலும். நான் எழுந்து நின்றேன். முத்திருளனின் வலது கால் பின்னால் போவதைப் பார்த்தேன். பந்து பீரின் விரல் நுனிக்கு வந்துவிட்டது. முத்திருளன் உதைத்தான். பந்து சறுக்கிக் கோலுக்குள் உருண்டது. பூட்ஸ் பீரின் மணிக்கட்டில் இறங்கியது.

எலும்பு முறிந்த சத்தம் கேட்டதாகப் பேயாண்டி சொல்கிறான். எனக்குக் கேட்கவில்லை. நான் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முழங்கால் வலி அப்போது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. கையைத் தூக்கிக் கட்டியபோது பீர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். முத்திருளன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதான்.

ஒரு கோலில் தோற்றோம்.

நான் செய்தேன். உதைத்தது அவன் கால், செய்தது நான். ஒரு வாக்கியம். காற்று மேற்கே அடிக்கிறது என்று சொல்ல ஆகிற நேரம்கூட ஆகியிருக்காது.

11 செப்டம்பர், செவ்வாய்

நாகலக்ஷ்மி இழுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் பீரின் கை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது. இரண்டு எலும்பு. கூடினாலும் பழையபடி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அமீருன்னிசா எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, “அண்ணே, நீங்கதான் அன்னைக்கு ஓடிப்போய்த் தூக்குனீகளாம். நீங்க நல்லாருக்கணும்” என்றது.

பீர் சொன்னது ஒன்றுதான். “முத்திருளன ஒண்ணும் சொல்லாத மாப்ள. அவன் பச்சப் புள்ள.”

சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. நாகலக்ஷ்மி இருந்தாள், அமீருன்னிசா இருந்தது. அடுத்த தடவை தனியாக வந்து சொல்லலாம் என்று எழுந்துவிட்டேன்.

17 செப்டம்பர், திங்கள்

கோச் ராஜினாமாக் கொடுத்துவிட்டார். “வார்த்தை என்னோடது, தப்பும் என்னோடது” என்று மேனேஜரிடம் சொன்னாராம். போகும்போது டைம் ஆபீசுக்கு வந்து எனக்கும் கை கொடுத்தார். “உங்ககிட்ட நான் நிறையக் கேட்டிருக்கணும் மிஸ்டர் கைலாசநாதன். நீங்க பொருள் பார்க்கிற ஆள்னு நினைச்சுட்டேன்” என்றார்.

என்னால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

21 செப்டம்பர், வெள்ளி

இதை எழுதாமல் விட்டால் எனக்கு நானே பொய் சொன்னதாகும். ஒரு நாளில் ஒரு பொய் போதும்.

முத்திருளன் இன்று டைம் ஆபீசுக்கு வந்தான். ஆள் பாதியாக இளைத்திருக்கிறான். சோறு இறங்கவில்லை, கண்ணை மூடினால் பீரண்ணன் கைதான் தெரியுது என்றான். பிறகு, “அண்ணே, அன்னைக்குப் பிராக்டீஸ்ல நடந்தத நீங்க பீரண்ணேகிட்டச் சொன்னீங்கள்ல?” என்று கேட்டான்.

இல்லை என்று சொல்ல எனக்கு எம்புட்டு நேரம் ஆகியிருக்கும்?

“சொன்னேன்டா. அவன் காதுல வாங்கல.”

பக்கத்து மேசைக் கிளார்க்கும் கேட்டுக்கொண்டிருந்தான். முத்திருளன் பெருமூச்சு விட்டான். அவன் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அவனுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளலாம். நினைத்துப் பார்த்தேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

27 செப்டம்பர், வியாழன்

பேச்சு மேனேஜர்வரை போய்விட்டது. கூப்பிட்டார். “நீங்க எச்சரிச்சும் பீர் கேக்கலையாமே? கோச் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது. உள்ளூர் உதவி கோச் எதுக்கு இருக்கான்? இதச் சொல்லத்தானே?”

ஜூலையில் நான் இந்த நோட்டில் எழுதிய அதே கேள்வி. அப்போது அதைக் கேட்க எனக்கு நியாயம் இருந்தது.

உதவி கோச் பதவி ரத்து. பீர் கை சரியானதும் தன் பிரிவுக்குத் திரும்ப வேண்டும். டீமுக்குக் கோச்சாகக் கைலாசநாதன். இந்த முறை அப்ளிகேஷன்கூடக் கேட்கவில்லை.

“சார், ஒரு விஷயம்” என்றேன்.

“சொல்லுங்க.”

“பீருக்கு ப்ளோ ரூம் வேண்டாம் சார். அவங்க வாப்பா...”

“அவனோட டிபார்ட்மெண்ட் அதானே? கை சரியில்லாத ஆள வேற யாரு கேட்டு வாங்குவா?” என்றார். நான் சொல்லப்போன விஷயம் அது இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

4 அக்டோபர், வியாழன்

ஆர்டர் கைக்கு வந்தது. கோச் என்று டைப் அடித்து, ரப்பர் முத்திரை குத்தி. பதினொரு வருஷம். நாகலக்ஷ்மி வாங்கிப் படித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

“பீரண்ணனுக்குச் சொல்லிட்டீங்களா?” என்றாள்.

23 அக்டோபர், செவ்வாய்

தீபாவளி பலகாரத்தைக் கோரிப்பாளையத்துக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை. பயிற்சி இருந்தது. இருந்ததா? நான்தான் வைத்தேன்.

29 அக்டோபர், திங்கள்

பீர் இன்று வேலைக்குத் திரும்பினான்.

காலை ஷிப்டுக்கு முன்னால் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தான். பிரிவு மாறினால் புதுக் கார்டு போட வேண்டும், போடுகிறவன் நான். பெயர், எண், பிரிவு. பிரிவு என்ற இடத்தில் ப்ளோ ரூம் என்று என் கையால் எழுதி நீட்டினேன். இடது கையால் வாங்கினான். வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு இருந்தது, விரல்கள் பாதி மடங்கி அப்படியே நின்றுவிட்டன.

“மாப்ள, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தேன். நிஜமாகவே ஆரம்பித்தேன். அதற்குள் முத்திருளனும் பேயாண்டியும் கார்டு குத்த வந்துவிட்டார்கள். முத்திருளன் பீரைப் பார்த்ததும் காலைத் தொட்டான். எழுந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுவிட்டான்.

“ஏண்ணே, மாஸ்டர்தான் முன்னாடியே சொன்னாராம்ல. நீங்க ஏண்ணே கேக்காமப் போனீங்க?”

பீர் திரும்பி என்னைப் பார்த்தான். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். என் பேனாவுக்கு நான் மூடி போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் அவன் பதிலுக்காக நின்றார்கள்.

“ஆமாப்பா” என்றான் பீர். “சொன்னான். நாந்தான் கேக்கல.”

கார்டைக் குத்திவிட்டு உள்ளே போனான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பயிற்சி. முத்திருளன் வந்து என் சைக்கிளை வாங்கி மைதானம்வரை அவனே தள்ளிக்கொண்டு வந்தான், வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லியும்.